ஊஞ்சற்பலகையும் ஓக் மேஜையும்

(திருச்சிராப்பள்ளியில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மரத்தைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும் கல்லைப் பற்றிப் பேசுவது இந்த ஊரில் சுலபமான காரியம். மலைக்கோட்டையும், ஸ்ரீரங்கத்தின் ஏழு மதில்களும், சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களும் பேசுகிறவனுடைய சிரமத்தைப் பாதி குறைத்துவிடும். மரமோ கறையானுக்கும் நெருப்புக்கும் இரையாகி, எஞ்சியது பழைய சாமான் வியாபாரியின் வண்டியில் ஏறிப் போய்விட்டபடியால், அதைப் பற்றிப் பேசத் துணிகிறவன் இல்லாததைக் கொண்டு இருந்ததை ஊகிக்க வேண்டியவனாகிறான்.

எனினும், சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றி, 1887-இல் ‘ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்’ என்ற பெயரைப் பெற்ற கைவினை இயக்கத்தைப் பற்றியும், அவ்வியக்கத்தார் செய்த மரச்சாமான்களைப் பற்றியும் இங்கே பேசுவதற்கு நியாயம் இருக்கிறது. அதன் தத்துவத்தை நம் நாட்டுக் கைவினைஞருக்குப் பொருத்தி விரிவாக எழுதியவர், ஈழத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. அவருடைய தகப்பனார் ஸர் முத்துக் குமாரசுவாமி, மலைக்கோட்டை இறைவனின் திருநாமத்தைத் தாங்கிய தாயுமானவ சுவாமிகளின் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலமாக்கியவர். இது உறவு கொண்டாடுவதற்காகச் சொன்னது என்று வைத்துக்கொண்டாலும், இங்கிலாந்தில் அவர்கள் எதற்காக ஏங்கினார்களோ அது ஸ்ரீரங்கத்து வீதிகளில் ஏங்குவார் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது என்பதும், அவர்கள் எந்த இடத்தில் தோற்றார்களோ அந்த இடத்தில்தான் நாம் இன்று நிற்கிறோம் என்பதும் சிந்திக்கத் தக்கவை.

1851-இல் லண்டன் மாநகரத்தில், கண்ணாடியாலும் இரும்பாலும் எழுப்பிய மாளிகையில் ஒரு பெரும் பொருட்காட்சி நடந்தது. யந்திரத்தின் சாமர்த்தியத்தை உலகுக்குக் காட்டுவதற்கென்று கூட்டிய அந்தக் காட்சியில், மலிவான மரத்தின்மேல் உயர்ந்த மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டியும், பூவும் கொடியும் சிங்கமுகமும் கண்ட இடமெல்லாம் பதித்தும் செய்த மேஜை நாற்காலிகளைக் கண்டு மக்கள் வியந்தார்கள். விஷயம் தெரிந்த சிலர் மட்டும் முகம் சுளித்தார்கள். அதே ஆண்டு தொடங்கி 1853-க்குள் மூன்று பாகங்களாக ஜான் ரஸ்கின் வெளியிட்ட வெனிஸ் நகரத்துக் கட்டடங்களைப் பற்றிய நூல், அந்தச் சுளிப்புக்கு ஒரு சாஸ்திரத்தைத் தந்தது. பொருள் வழவழப்பாக இருக்கிறதா என்று கேட்பதை விட்டு, அதைச் செய்தவன் செய்யும்போது மனிதனாக இருந்தானா, யந்திரத்தின் ஓர் உறுப்பாக இருந்தானா என்று கேட்க வேண்டும் என்பது ரஸ்கினுடைய வாதத்தின் சாரம். அழகைப் பற்றிய விசாரணையைக் கூலியைப் பற்றிய விசாரணையாக மாற்றிய இந்த ஒரு திருப்பந்தான், பிற்பாடு வந்தவை அனைத்துக்கும் வித்து. அதே ரஸ்கினுடைய வேறொரு நூலை 1904-இல் தென்னாப்பிரிக்காவில் ரயிலில் படித்த காந்தியடிகள் தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டதும், அவர் வழியில் வந்த தஞ்சாவூர்த் தமிழர் ஜே. சி. குமரப்பா கிராமத் தொழில்களுக்கென்று ஒரு பொருளாதாரத்தையே வகுத்ததும் நீங்கள் அறிந்தவை.

ரஸ்கினைப் படித்த மாணவர்களில் ஒருவர் வில்லியம் மாரிஸ். நண்பர் பிலிப் வெப் கட்டிக்கொடுத்த செங்கல் வீட்டில் குடியேறியபோது, அதில் வைப்பதற்கு யோக்கியமான சாமான் கடைத்தெருவில் கிடைக்கவில்லை என்று கண்டு, நண்பர்களோடு சேர்ந்து 1861-இல் அவர் ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அதன் சாமான்களில் புகழ்பெற்றது ஸஸெக்ஸ் நாற்காலி. கிராமத்து நாற்காலி ஒன்றின் வடிவத்தைத் தழுவி, மெல்லிய கடைசல் கால்களும், ஆற்றோரத்து நாணற்புல்லால் பின்னிய இருக்கையுமாகச் செய்து, அதிக விலையில்லாமல் விற்றார்கள். நம் காவிரிக் கரையிலும் முசிறிப் பக்கம் கோரை விளைகிறது. ஆனால் நாம் அதைப் பாயாக நெய்து தரையில் விரித்தோமே தவிர நாற்காலியில் ஏற்றவில்லை. தரையில் உட்கார்ந்து உண்டு, தரையில் படுத்து உறங்கிய சமூகத்துக்கு மணையும் பெட்டகமும் போதும். சாய்வு நாற்காலியும் எழுதும் மேஜையும் கச்சேரி உத்தியோகத்தோடும் கண்டோன்மென்ட் பங்களாக்களோடும் நமக்கு வந்தவை.

இவ்வியக்கத்தின் மரவேலையை அதன் உச்சத்தில் காண விரும்புகிறவர் மாரிஸை விட்டு எர்னஸ்ட் கிம்ஸனிடம் போக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கட்டடக் கலை பயின்ற கிம்ஸன், 1890-இல் பிலிப் கிளிஸெட் என்ற கிழவரான கிராமத்து நாற்காலித் தச்சரிடம் போய்க் கடைசல் கற்றுக்கொண்டார். சில ஆண்டுகளில் தம் நண்பர்களான பார்ன்ஸ்லி சகோதரர்களுடன் லண்டனை விட்டே நீங்கி, காட்ஸ்வோல்ட் குன்றுகளில் ஸாப்பர்டன் என்ற சிற்றூரில் குடியேறினார். அவர்கள் செய்த ஓக் மேஜைகளில் ஒன்றைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்து துளைக்குள் ஒளிந்துகொள்ளாமல், எதிர்ச் சட்டத்தை ஊடுருவி மறுபக்கம் வெளியே எட்டிப் பார்க்கும்; அதன் குறுக்கே ஓர் ஆப்பு. பெட்டியின் மூலையில் பலகைகள் ஒன்றையொன்று கவ்வும் பல்வரிசையை மெழுகியோ பூசியோ மறைக்காமல், அதையே அலங்காரமாக விட்டிருப்பார்கள். மேஜையின் அடியில் கால்களை இணைக்கும் சட்டம் இரு முனையிலும் கவட்டையாகப் பிரிந்து, வைக்கோல் வாரும் கருவியைப் போன்ற தோற்றம் தரும். சட்டங்களின் விளிம்புகளை அங்கங்கே சரிவாகச் செதுக்கி விட்டிருப்பார்கள். இந்தச் செதுக்கு, பாரவண்டி செய்யும் தச்சரிடம் கற்றது. வண்டியின் பலம் குறையாமல் கனத்தைக் குறைப்பதற்காக, வேண்டாத இடத்து மரத்தைச் செதுக்கித் தள்ளுவது வண்டித் தச்சரின் வழக்கம். அந்தப் பிரயோஜனத்தையே கிம்ஸன் சௌந்தரியமாகக் கண்டார். கட்டடக் கலை படித்த கனவான் வண்டிப்பட்டறையை வித்யாசாலையாகக் கொண்டது, அந்த மேஜையைவிடப் பெரிய சாதனை.

இதிலும் ஒரு வேற்றுமை உண்டு. ஸிட்னி பார்ன்ஸ்லி மரத்தை அறுப்பது முதல் மெருகு தேய்ப்பது வரை எல்லாவற்றையும் தம் கையாலேயே செய்தார். கிம்ஸனோ படம் வரைந்து கொடுக்க, பீட்டர் வால்ஸ் என்ற டச்சுக்கார மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் செய்தார்கள். கைவினையின் தர்மத்தைப் பேசிய இயக்கத்திலேயே, எண்ணுகிறவன் ஒருவன், செய்கிறவன் ஒருவன் என்ற பிரிவினை முற்றும் நீங்கிவிடவில்லை.

அமெரிக்காவில் இதே நெறியைக் கஸ்டவ் ஸ்டிக்லி வியாபாரமாக்கினார். ரேகை புலப்படும்படி கட்டையை ஆரம் ஆரமாக அறுத்து, சாமானை ஓர் அடைத்த அறையில் வைத்து அமோனியா ஆவி பிடித்து, ஓக் மரத்துக்குள் இருக்கும் துவர்ப்புச் சத்தே கருத்து நிறம் கொடுக்கும்படி செய்வது அவர் கையாண்ட உத்தி; மேற்பூச்சால் வரும் நிறமன்று, மரத்துக்குள்ளிருந்தே வருவது. கனத்த வேலைக்கு யந்திரத்தைப் பயன்படுத்த அவர் கூசவில்லை. 1901 முதல் ‘கிராஃப்ட்ஸ்மேன்’ என்ற பத்திரிகையும் நடத்தினார். 1915-இல் திவாலானார்.

திவால் என்ற சொல்லை இந்த வரலாற்றில் அடிக்கடி சந்திக்க வேண்டியிருக்கிறது. ஸி. ஆர். ஆஷ்பி 1888-இல் கிழக்கு லண்டனில் ஏழைத் தொழிலாளிகளைக் கொண்டு ‘கில்ட் ஆஃப் ஹாண்டிகிராஃப்ட்’ என்ற கைவினைச் சங்கத்தை நிறுவி, 1902-இல் கைவினைஞரும் குடும்பத்தாருமாகச் சுமார் 150 பேரை சிப்பிங் காம்டன் என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனார். தோட்டம், நாடகம், பாட்டு, நீச்சல் குளம் என்று எல்லாம் இருந்தன, ஆர்டர் இல்லை. லண்டனில் வேலை குறைந்தால் ஆட்கள் வேறு பட்டறைக்குப் போய்ச் சில மாதம் கழித்துத் திரும்பலாம். கிராமத்தில் அதற்கு வழியில்லை. அவர்கள் கையால் செய்த பொருளின் சாயலில் யந்திரத்தால் செய்ததைப் பெரிய கடைகள் மலிவாக விற்றன. 1908-இல் சங்கம் கலைந்தது. ஏழையின் வீட்டுக்கு அழகைக் கொண்டு போக எழுந்த இயக்கத்தின் சாமான்களைப் பெரும்பாலும் சீமான்களே வாங்க முடிந்தது. நியாயமான கூலி கொடுத்துச் செய்த பொருளின் விலையை, நியாயமான கூலி பெறாதவன் எப்படிக் கொடுப்பான்? மாரிஸை வாட்டி, இறுதியில் சோஷலிஸ்ட் இயக்கத்தில் சேர்த்தது இந்தக் கேள்விதான்.

ஆஷ்பியின் சங்கம் மூச்சுவிடத் திணறிக்கொண்டிருந்த அதே 1907-இல், அதன் அருகே பிராட் காம்டன் என்ற ஊரில், ஆஷ்பியே புதுப்பித்துக் கொடுத்த பழைய தேவாலயக் கட்டடத்தில் வந்து குடியேறியவர் ஆனந்த குமாரசுவாமி. 1877-இல் கொழும்பில் பிறந்து, லண்டனில் நிலவியல் கற்று, இலங்கையின் கனிப்பொருள் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர். பாறைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த இடத்தில், அழிந்துகொண்டிருந்த கண்டி நாட்டுக் கைவினைஞர்களைக் கண்டார். தச்சு, தந்தம், உலோகம், மட்கலம் ஆகிய தொழில்களையெல்லாம் விவரித்து அவர் எழுதிய இலங்கைக் கலை பற்றிய பெருநூல், மாரிஸ் புத்தகம் அச்சிட்ட அதே கையச்சுப் பொறியில், குமாரசுவாமியின் மேற்பார்வையிலேயே 425 பிரதிகள் அச்சாகி 1908-இல் வெளிவந்தது. மறு ஆண்டு வெளிவந்த ‘இந்தியக் கைவினைஞன்’ என்ற சிறு நூலுக்கு முன்னுரை எழுதியவர், சங்கம் கலைந்த துயரத்திலிருந்த ஆஷ்பி.

தச்சர், கொல்லர், கன்னார், தட்டார், சிற்பி என்ற ஐந்தொழிலாளரான கம்மாளர்களையும், கிராமத்தில் மானியமும் களத்து நெல்லும் பெற்று வாழ்ந்த தச்சர்களையும், தகப்பன் மடியில் உட்கார்ந்து தொழில் கற்ற பிள்ளைகளையும் அந்நூலில் குமாரசுவாமி வருணிப்பதைப் படிக்கையில், ஆஷ்பியின் கண்ணில் நீர் வந்திருந்தால் ஆச்சரியமில்லை. தாம் இருபது ஆண்டு பாடுபட்டுக் கட்ட முடியாத சங்கம், வேறொரு தேசத்தில் பிறப்பிலேயே அமைந்து கிடக்கிறது என்றல்லவா அது சொல்லிற்று! ஆனால் குமாரசுவாமியிடத்தில் எனக்குள்ள பக்தி குறையாமலே ஒன்று சொல்ல வேண்டும். பிறப்பினால் அமைந்த சங்கத்தில் பிறப்பு ஒரு கதவு; அது உள்ளே இருப்பவனைக் காத்த அளவுக்கு, வெளியே இருந்தவனையும் பெண்ணையும் தள்ளியே வைத்தது. ஸ்ரீரங்கத்து வீதிகளில் தாம் இழைத்துத் தொங்கவிட்ட ஊஞ்சலில், வேலை முடிந்தபின் ஒரு நாழிகை அமர்ந்து ஆடும்படி அழைக்கப்பெற்ற ஆசாரிகள் எத்தனை பேர்? இந்தக் கேள்வியைக் குமாரசுவாமி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருடைய நூல் இன்னும் பெரிய நூலாகியிருக்கும்.

ஊஞ்சலைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டேன். அது நம்முடைய சாமான்களில் முதன்மையானது. நம்பெருமாளுக்கே ஐப்பசியில் ஊஞ்சல் உற்சவம் நடக்கிற ஊரில், உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் உள்ள பழைய வீடுகளின் கூடத்தில் அது தொங்குவதில் வியப்பில்லை. அத்தகைய பலகை ஒன்றை வீட்டுக்காரர் அனுமதியோடு கீழே குனிந்து பார்த்தால் ஆசாரியின் புத்தி விளங்கும். மேற்புறம் ஒரே வீச்சான தேக்கு, வைரம் பாய்ந்த பாகம் மட்டும். வெளுப்பான புறப்பாகத்தை ஈவிரக்கமில்லாமல் இழைத்துத் தள்ளியிருப்பார். அகலமான பலகை மழைக்காலத்தில் விரியும், சித்திரை வெயிலில் சுருங்கும்; அதை ஆணி அடித்து இறுக்கினால் பிளந்துபோகும். ஆகவே நல்ல வேலையில், அடியிலுள்ள குறுக்குச் சட்டங்களைப் பலகையில் வெட்டிய காடியில், வாய் குறுகி அடி அகன்ற பள்ளத்தில், பக்கவாட்டில் செருகியிருக்கும். வஜ்ஜிரப் பசையும் இல்லை, ஆணியும் இல்லை. பலகை வளையாமல் சட்டம் பிடித்துக்கொள்ளும். ஆனால் விரியவும் சுருங்கவும் விட்டுக்கொடுக்கும். விளிம்பு முழங்காலில் படும் இடமாதலால் உருட்டி மழுக்கியிருக்கும். சங்கிலி தாங்கும் நான்கு மூலைகளில் பித்தளைத் தகடு. ஸாப்பர்டனில் கிம்ஸன் எதைச் சத்தியம் என்று கண்டாரோ, வேலையின் உறுதி வேலையின் அமைப்பிலேயே இருக்க வேண்டும் என்பதை, இந்த ஆசாரி ஒரு பிரசங்கமும் செய்யாமல் பலகைக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தேக்கில் எண்ணெய்ச் சத்து உண்டாகையால் மேற்பூச்சும் வேண்டியதில்லை; மூன்று தலைமுறையின் வேட்டியும் புடவையும் தேய்த்த மெருகே போதும்.

வீட்டு ஊஞ்சலை விட்டு வீதிக்கு வந்தால் தேர். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த விருப்பண்ண உடையார் பெயரால் வழங்கும் சித்திரை உற்சவத்தில் ஓடும் தேரும், தை மாதத்துத் தேரும், வீதிக்கு வீதி தச்சரின் கைவேலையை உலாவரச் செய்பவை. இலுப்பை முதலிய வைரமான மரங்களில் செதுக்கிய தேரின் அடிப்பாகம், வீதி திரும்பும்போது முறுக்குண்டு, இணைப்புக்கு இணைப்பு சற்றே அசைந்து கொடுத்து, பின் நேராகிறது. அசையாமல் விறைத்து நின்றால் தேர் உடையும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர்களின் சாமர்த்தியம் தனி நூலுக்கு உரிய விஷயம். யந்திரத்துக்கும் கைக்கும் ஜன்மப் பகை என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு செய்தி: திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது, நம்முடைய திருவெறும்பூரில் கொதிகலன் செய்யும் பெல் நிறுவனந்தான். மனிதனை நசுக்கும் அபாயத்தை யந்திரம் ஏற்றுக்கொண்டது. சிற்பத்தைத் தச்சர் வைத்துக்கொண்டார். மாரிஸ் யந்திரத்திடம் கேட்டது இதற்குமேல் ஒன்றுமில்லை.

1928-இல் தொடங்கிய பொன்மலை ரயில்வே பட்டறையையும் இங்கே மறக்கலாகாது. ரயில் பெட்டிகள் தேக்கு மரத்தால் ஆன காலத்தில் அங்கே வேலை செய்த தச்சர்கள் யந்திர ரம்பத்தையும் கை உளியையும் ஒருசேர ஆண்டவர்கள். 1955-இல் பெரம்பூரில் இரும்புப் பெட்டித் தொழிற்சாலை வந்தபின் அந்த வேலை படிப்படியாகச் சுருங்கிற்று.

தமிழ் வழங்கும் மண்ணில் இவ்வியக்கத்தின் கடைசிக் கிளை ஒன்று பூத்ததைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். கட்டட வேலையை மேற்பார்க்க 1937-இல் வந்தவர், ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஜார்ஜ் நகாஷிமா. ஆசிரமவாசிகளோடு சேர்ந்து உழைத்து, சுந்தரானந்தர் என்ற பெயரும் பெற்று, 1939-இல் புறப்பட்டுப் போன அவர், பிற்காலத்தில் அமெரிக்காவின் தலைசிறந்த மரவேலைக்காரராக விளங்கினார். மரத்தின் விளிம்பை இழைத்து நேராக்காமல் இயற்கையான வளைவோடு விட்டுவிடுவது அவருடைய முத்திரை. 1964-இல் மீண்டும் இந்தியா வந்து, ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் நாற்காலி மேஜைகளுக்கு வடிவம் தந்தார். ஆனால் மாணவர் விடுதியிலிருந்து வங்கி வரை நம் ஊர்க் கட்டடங்களில் அவருடைய பாடம் எதையும் காணோம். சண்டிகர் அலுவலகங்களுக்காக நம் தச்சர்கள் தேக்காலும் பிரம்பாலும் செய்த நாற்காலிகளைப் பழுதென்று கழித்து விற்று, அவை ஐரோப்பிய ஏலங்களில் லட்சக்கணக்கில் விலைபோன பிறகு கண் விழித்தவர்கள் அல்லவா நாம்!

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், கைவேலை எங்கே பிழைத்தது என்பதற்கு விடை கிடைக்கிறது. ரசனை பிரசாரம் செய்த இடத்தில் அது பிழைக்கவில்லை. ஆஷ்பியைவிட நன்றாகப் பிரசாரம் செய்தவர் யார்? ஆண்டு தவறாமல் வேலை கொடுப்பாரும், கொடுத்த வேலையைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்தவரும் இருந்த இடத்தில் பிழைத்தது. பச்சைமலை அடிவாரத்தில், பழைய திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்ததும் இப்போது பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ளதுமான அரும்பாவூரில் இன்றும் உளிச் சத்தம் கேட்கிறதென்றால், அங்கே செதுக்கும் வாகனங்களுக்கும் தேர்ச் சிற்பங்களுக்கும் கோயில்கள் ஆர்டர் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் காரணம். 2020-இல் அவ்வூர்ச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் குறியீடு உலை வைக்காது. சாமி வாகனத்துக்கு இருக்கும் இந்த ஆதரவு மனிதர் உட்காரும் நாற்காலிக்கு இல்லை. வீட்டில் பசையிட்டு அழுத்திய தூள்பலகை பீரோ ஐந்தாறு மழைக்காலத்தில் உப்பிப்போகிறது. உப்பியதைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்று வாங்குவதைச் சிக்கனம் என்று எண்ணுகிறோம்.

ஆகையால் கேட்டுக்கொள்வது இவ்வளவே. ஸ்ரீரங்கத்தில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட முனைகிறவர்கள், ஊஞ்சலையும் நிலைக்கதவையும் வியாபாரிக்கு எடைபோட்டுக் கொடுப்பதற்கு முன்னால், ஒரு ஆசாரியையும் ஒரு கட்டடக்கலை மாணவரையும் அழைத்து அளவெடுத்துப் படம் வரைந்து வைக்கச் சொல்லுங்கள். கல்லூரிகளை நடத்துகிறவர்கள், எந்தக் குலத்துப் பிள்ளையானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், ஊதியத்தோடு இரண்டாண்டு உளி பிடிக்கக் கற்கும்படி ஒரு பட்டறை வையுங்கள். அதில் கற்பிக்கும் ஆசாரிக்குப் பேராசிரியருக்குப் போடும் நாற்காலியையே போடுங்கள். கடைசியாக இந்த அறக்கட்டளையின் நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் அனைவரும் இப்போது பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறீர்கள். அவற்றில் சில கால் விரிந்துவிட்டதைப் பார்க்கிறேன். அவற்றை மாற்றும் தீர்மானம் வரும்போது கடைக்காரரிடம் விலைப்பட்டியல் கேட்பதற்கு முன் அரும்பாவூருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நூறு நாற்காலி வேண்டாம். ஆண்டுக்குப் பத்து போதும்.